பொருத்தம் கேட்டு ஒரு கடிதம்

எங்கள் கடையில் யாரும் 'களவு' என்ற சொல்லைச் சொன்னதில்லை. 'போடுறது' என்றுதான் சொல்வோம். கணினியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள், "இதுக்குப் புதுசாப் போட்டுத் தாங்க" என்பார்கள், நான் போட்டுக் கொடுப்பேன். எதைப் போட்டேன், அது யாருடையது, அதை எனக்கு யார் தந்தது என்று இத்தனை வருஷத்தில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கோபம்தான் வந்திருக்கும். மீன் வாங்கப் போகிறவர் எந்த வலையில் பட்டது என்றா கேட்கிறார்?

கல்முனைப் பஸாரில் இருந்து உள்ளே இறங்கும் ஒழுங்கையொன்றில் கடை. ஒரு மேசை, இரண்டு கதிரை, மழைக்கு ஒழுகும் தகரம். மேசை லாச்சிக்குள் ஒரு பென்டிரைவ் இருந்தது. அதன்மேல் வெள்ளை டேப் ஒட்டி 'எல்லாம்' என்று பேனையால் எழுதியிருந்தேன். உண்மையிலேயே அதற்குள் எல்லாம் இருந்தது. கணினி இயங்குவதற்கானது, கடிதம் அடிப்பதற்கானது, படம் வெட்டுவதற்கானது, அவற்றின் பூட்டுகளை உடைக்கும் சின்னச் சின்னச் சாவிகள் எல்லாம். ஆசிரியர்மார், தையல்கடைக்காரர், ஒரு அரசாங்கக் கந்தோர், பல்கலைக்கழகத்தில் படிக்கிற கம்பஸ் பிள்ளைகள் என்று எல்லாரும் அந்தப் பென்டிரைவில்தான் ஓடினார்கள். நானும் அதில்தான் சோறு தின்றேன்.

சட்டம் தெரியாமல் இல்லை. மருதமுனையில் இருந்து கைத்தறிச் சாறி வியாபாரி ஒருவர் ஒரு நாள் கொதித்துக்கொண்டு வந்தார். அவர் மாதக்கணக்காக யோசித்துப் போட்ட கரை டிசைனை இன்னொருவர் அப்படியே பார்த்து நெய்து கொழும்புக்கு அனுப்பிவிட்டாராம். சட்டத்தரணியிடம் கொடுக்க ஒரு முறைப்பாடு அடிக்க வேண்டும். அவர் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். "ஒருத்தன்ட மூளையில இரிந்து வந்தத எடுக்கிறதும், அவன்ட வீட்டுக்குள்ள பூந்து எடுக்கிறதும் ஒண்டுதான் எண்டு போடுங்க" என்றார். போட்டேன். புலமைச் சொத்துச் சட்டம் என்ற பெயரை அன்றைக்குத்தான் முதன்முதலாக அடித்தேன். கடிதம் முடிந்ததும் பையில் இருந்து மடிக்கணினியை எடுத்து மேசையில் வைத்தார். "தம்பி, டிசைன் கீறுற சொப்ட்வெயார் இரிக்கே, புதுசு வந்திரிக்காம். அதையும் ஒருக்காப் போட்டுத் தாங்க" என்றார். நான் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை. அதில் சிரிக்க ஏதும் இருப்பதாக எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

எனக்கும் நியாயங்கள் இருந்தன. உலகத்திலேயே பெரிய பணக்காரன் செய்கிற சாமான் இது. எங்கள் ஊர் ஆசிரியர் ஒருவர் தன் மாதச் சம்பளத்தைக் கொடுத்தாலும் எல்லாவற்றையும் வாங்க முடியாது. பிள்ளை படிக்க வேண்டும், கந்தோர் படிவம் அதில்தான் வருகிறது, அனுப்பினால் அதில்தான் அனுப்ப வேண்டும். அப்படி ஒரு வழியை மட்டும் திறந்து வைத்துவிட்டு, அந்த வழியில் போகக் காசு கேட்டால் வேலிக்குள்ளால்தானே போவோம். கடலில் வாளி போட்டு அள்ளினால் கடல் வற்றுமா? இதையெல்லாம் சொல்லிச் சொல்லி எனக்கே மனப்பாடமாகிவிட்டது. இன்றைக்கும் இதில் பாதி உண்மை என்றுதான் நினைக்கிறேன். மற்றப் பாதியைக் கேள்வி கேட்டது என் மூத்த சகோதரி, ராத்தா.

ராத்தா என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். உம்மா நேரத்தோடு மௌத்தானதால் என்னை வளர்த்தது அவர்தான். சுனாமியில் கடல் வந்த நாளில் அவருடைய கணவர், என் மச்சான், போய்விட்டார். ராத்தாவும் ஒரே மகளும் மிஞ்சினார்கள். வீட்டில் பெண்பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக் கொடுத்து அந்த மகளைப் படிக்க வைத்தார். என் கடை தொடங்கியதும் அவருடைய கைவளையலில்தான். தனக்கென்று அவர் கேட்டது ஒன்றே ஒன்று. ஹஜ்ஜுக்குப் போக வேண்டும். பெயர் பதிந்து வருஷக்கணக்காகக் காத்திருந்தோம். துணைக்குப் போகிற ஆண் நான், செலவு என் கடை உழைப்பு என்று முடிவாகியிருந்தது. ஒரு வருஷம் எங்கள் முறை வந்துவிட்டது என்று கடிதம் வந்தது. ராத்தா அந்தக் கடிதத்தைக் குர்ஆன் வைக்கும் றாக்கையில் வைத்திருந்தார்.

எங்கள் பக்கம் ஹஜ்ஜுக்குப் போகிறவர் பயணத்துக்கு முன் வீடு வீடாகப் போய்ப் பொருத்தம் கேட்பார். "நான் ஏதும் பேசியிருந்தா, ஏதும் எடுத்திருந்தா, பொருந்திக்கொள்ளுங்க" என்பார். அந்த வீட்டுக்காரர் "பொருந்திக்கிட்டன், நீங்களும் பொருந்திக்கொள்ளுங்க" என்பார். அல்லாஹ்வுக்குச் செய்த குற்றத்தை அல்லாஹ் மன்னிப்பான். மனிதனுக்குச் செய்ததை அந்த மனிதன்தான் மன்னிக்க வேண்டும். அது இல்லாமல் போனால் பயணம் வெறும் பயணம்தான். ராத்தா ஒரு வீடு விடவில்லை. வேலியோரத்து முருங்கைமரத்துக்காக ஏழு வருஷம் முகம் பார்க்காமல் இருந்த வீட்டுக்கும் போனார். அவர்கள் தந்த இனிப்பு வட்டிலாப்பத்தோடு திரும்பி வந்தார்.

அன்று பின்னேரம் என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, நீ ஆரிட்டயெல்லாம் கேட்ட?"

"எனக்கு ஆரோட ராத்தா பிரச்சினை?"

"கடையில போடுறியே, அது ஆர்ட சாமான்?"

நான் அவரைப் பார்த்தேன். அந்த வெள்ளிக்கிழமை குத்பாப் பிரசங்கத்தில் மௌலவி, அடுத்தவன் உழைப்பைக் கேட்காமல் பிரதி எடுப்பதும் களவுதான் என்று ஒரு வரி சொல்லியிருந்தார். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அது ராத்தாவின் குசினி வரைக்கும் வந்துவிட்டது. "அது கம்பனி ராத்தா, ஆளில்ல" என்றேன். "ஆளில்லாமக் கம்பனி எப்பிடி நடக்கும்?" என்றார்.

மறுநாள் மௌலவியிடம் சண்டைக்குத்தான் போனேன். அவருடைய மடிக்கணினிக்கும் போட்டது நான்தானே. பள்ளிவாசலுக்குப் பின்னால் உள்ள அவருடைய அறையில் செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் கேட்டேன்.

"ஹஸரத், அந்தக் குத்பாவ நீங்க எதில அடிச்ச?"

"என்ட லெப்டொப்பில."

"அதுக்குப் போட்டது ஆரு?"

அவர் மடிக்கணினியை எடுத்து என் மடியில் வைத்தார். "இதில இரிக்கிறத அழிச்சிருங்க. எனக்கு எழுத கொப்பி போதும்" என்றார். அவர் வாதாடியிருந்தால் நான் வென்றிருப்பேன். அதற்குத்தான் போனேன். எனக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது. வழி ஏதும் இல்லையா என்று கேட்டேன். "உரியவன் ஆரெண்டு தெரியாட்டி அவன்ட பேரால ஏழைகளுக்கு ஸதகாக் குடுக்கலாம். ஆனா உங்களுக்கு உரியவன் ஆரெண்டு தெரியும்தானே. தெரிஞ்ச ஆள்ட்டக் கேக்கத்தான் வேணும்" என்றார்.

ராத்தாவிடம் வந்து சொன்னேன். "அப்ப கேளு" என்றார், அடுத்த வீட்டில் சீனி கேட்டு வரச் சொல்கிறது போல. "அமெரிக்காவுல இரிக்கிறவன்ட எப்பிடி ராத்தா கேக்கிற?" என்றால், "கடிதம் எழுது. எழுத்தறிவு இல்லாத ஆக்களா அவங்க?" என்கிறார்.

எழுதினோம். ராத்தாவின் மகள், என் மருமகள், அப்போதுதான் ஆசிரியர் பயிற்சி முடித்திருந்தாள். அவளுடைய ஆங்கிலம் நல்லது. ராத்தா தமிழில் சொல்ல அவள் ஆங்கிலத்தில் அடித்தாள். நாங்கள் ஹஜ்ஜுக்குப் போகிறோம், எங்கள் மார்க்கத்தில் உரியவரிடம் பொருத்தம் கேட்காமல் போக முடியாது, என் தம்பி உங்கள் சாமானை உங்களைக் கேட்காமல் பல பேருக்குக் கொடுத்துவிட்டான், அவன் கெட்டவன் அல்ல, எங்களைப் பொருந்திக்கொள்ளுங்கள், உங்களுக்கும் உங்கள் பிள்ளைகளுக்கும் அங்கே துஆச் செய்வோம். கம்பனியின் உதவிப் பகுதிக்கு அது போனது. இப்படி ஒரு கடிதம் எந்த நாட்டுக் களவனும் எழுதியிருக்கமாட்டான்.

உடனே ஒரு பதில் வந்தது. அது யந்திரம் போட்ட பதில், உங்கள் கடிதம் கிடைத்தது என்று. மூன்றாம் நாள் ஒரு மனிதர் எழுதியிருந்தார். எங்களைத் தொடர்புகொண்டதற்கு நன்றி, உங்களுக்கு உதவ ஆசைப்படுகிறோம், தயவுசெய்து நீங்கள் சாமானை வாங்கியபோது தரப்பட்ட ஓடர் நம்பரை அனுப்புங்கள். கீழே, எங்கள் சேவை எப்படி என்று கேட்டு ஐந்து நட்சத்திரம் போட்டிருந்தது.

ராத்தா கேட்டார், "என்ன சொல்றாங்க?"

"ஓடர் நம்பர் கேக்காங்க ராத்தா. வாங்கினாத்தான் நம்பர் இரிக்கும். வாங்காததுக்குத்தானே பொருத்தம் கேக்கம்."

"விளங்கல்ல போல. இன்னொருக்கா விளக்கமா எழுது."

இன்னொருக்கா எழுதினோம். அதற்கும் ஓடர் நம்பர்தான் கேட்டார்கள். மூன்றாவதற்குப் பதிலே வரவில்லை. பயணத்தை உறுதிப்படுத்த ஒரு கடைசித் திகதி இருந்தது. நான் ராத்தாவின் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினேன். உலகமே இப்படித்தான் செய்கிறது, தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன முழம் என்ன என்றேன். "உலகம் ஹஜ்ஜுக்குப் போகல்ல, நான்தான் போறன்" என்றார் அவர். "பதில் வரட்டும் தம்பி. அடுத்த வருஷம் பாப்பம்." திகதி போனது. எங்கள் இடத்தை வேறு யாரோ எடுத்துக்கொண்டார்கள்.

எனக்கு ராத்தாமேல் வந்த கோபத்தைச் சொல்ல வேண்டும். ஒரு கிழமை அந்த வீட்டுப் பக்கமே போகவில்லை. பிறகு அந்தக் கோபத்திலேயே, சரி, ஹலாலாக நடத்திக் காட்டுகிறேன் என்று 'எல்லாம்' பென்டிரைவை லாச்சிக்குள் போட்டுப் பூட்டினேன். காசு கொடுத்து வாங்கியதைத்தான் போடுவேன், இல்லாவிட்டால் இலவசமாகக் கிடைப்பதைப் போடுவேன் என்று கதவில் எழுதி ஒட்டினேன். சொறிக்கல்முனையில் இருந்து ஒரு வயல்காரர் தன் மகளோடு வந்தார். பிள்ளை கம்பஸ் எடுபட்டிருந்தது. பழைய கணினி ஒன்று வாங்கிக் கொடுத்திருந்தார். நான் உண்மையான விலையைச் சொன்னேன். அவர் கணினியையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். "தம்பி, கண்ணால காண ஏலாத சாமானுக்கா இவ்வளவு?" என்றார். இலவசமானதைப் போட்டுக் கொடுத்தேன். மூன்றாம் நாள் பிள்ளை தனியாக வந்து நின்றது. கம்பஸில் கேட்கிற கோப்பு அதில் திறக்கவில்லை, ஒப்படை கொடுக்க நாளைக்குத்தான் கடைசி. அழுதுகொண்டே, "அடுத்த கடையில போட்டுத் தாறாங்களாம் அண்ணா, ஆனா அப்பா உங்களிட்டத்தான் போகச் சொன்னவர்" என்றது. லாச்சியைத் திறந்தேன். கதவில் ஒட்டியதை அன்றே கிழித்தேன். மொத்தம் இருபத்தாறு நாள் நான் நேர்மையாக இருந்தேன்.

ராத்தாவுக்கு அது தெரியும். திட்டவில்லை. "என்ட வீட்டுக் கம்பியூட்டர்ல இரிக்கிறத மட்டும் கழட்டிடு" என்றார். மருமகளின் பாடவேலைக்கு நான் கொடுத்த கணினி அது. உடைத்த சாவியை எடுத்துவிட்டேன். அப்படி எடுத்தால் கணினி ஓடும், ஆனால் திரையின் வலப்பக்கக் கீழ் மூலையில் சாம்பல் நிறத்தில் இரண்டு வரி ஆங்கிலம் வந்து நிற்கும். எதைத் திறந்தாலும் அதற்கு மேலே நிற்கும். என்ன எழுதியிருக்கிறது என்று ராத்தா கேட்டார். "இந்தச் சாமான இவங்க இன்னும் காசு குடுத்து எடுக்கல்ல எண்டு எழுதியிரிக்கி" என்றேன். "இரிக்கட்டும். உண்மையத்தானே எழுதியிரிக்காங்க" என்றார்.

அடுத்த வருஷம் பார்ப்போம் என்றாரே, அடுத்த வருஷம் உலகமே வீட்டுக்குள் அடைந்தது. ஹஜ்ஜுக்கு வெளிநாட்டார் யாரையும் எடுக்கவில்லை. அதற்குப் பிறகு நாட்டில் டொலர் இல்லாமல் போனது. ஹஜ் செலவு நாங்கள் நினைத்தும் பார்க்க முடியாத இடத்துக்கு ஏறியது. அந்த நேரத்தில் ஒரே ஒரு கணினிக்காவது உரிமம் வாங்கி அந்த எழுத்தை எடுத்துவிடுவோம் என்று பார்த்தேன். வங்கி அட்டை வெளிநாட்டுக்கு வேலை செய்யவில்லை. பிறகு வேலை செய்தது. அதற்குள் ராத்தாவின் இரண்டு சிறுநீரகமும் போய், கிழமைக்கு இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரிக்கும் நிலைமை வந்துவிட்டது. சாட்டுத்தான் சொல்கிறேன். வாங்கியிருக்கலாம். வாங்கவில்லை.

கட்டிலில் விழுந்த பிறகு ராத்தாவுக்கு ஒரே பொழுதுபோக்கு அந்தக் கணினிதான். மக்காவில் இருந்து நேரடியாக வருகிற காட்சியை மருமகள் காலையில் போட்டு விட்டுப் பாடசாலைக்குப் போவாள். கஃபாவைச் சுற்றி ஆட்கள் நடந்துகொண்டே இருப்பார்கள். ராத்தா படுத்தபடி பார்த்துக்கொண்டே இருப்பார். கீழ் மூலையில் அந்தச் சாம்பல் எழுத்து நிற்கும். நடக்கிற ஆட்கள் அந்த எழுத்துக்குள் போய் வெளியே வருவார்கள். சில நாள் என்னிடம் கேட்பார், "அவங்கட்ட இரிந்து பதில் ஏதும் வந்திச்சா தம்பி?" இல்லை என்பேன். "ஆக்கள் கூடத்தானே, எல்லாருக்கும் பதில் போட ஏலாது" என்று கம்பனிக்காகப் பேசுவார்.

போன நோன்புக்கு முந்திய மாதம், ஒரு நாள் அஸர் தொழுதுவிட்டுப் போனேன். வாசலிலேயே ராத்தாவின் குரல் கேட்டது. கனகாலத்துக்குப் பிறகு அந்தக் குரலில் உயிர் இருந்தது.

"தம்பி, ஓடி வா. இஞ்ச பாரு."

திரையில் கஃபா. மூலையில் ஒன்றும் இல்லை. வெள்ளைத் தரை மட்டும் பளிச்சென்று தெரிந்தது.

"காலையில கண்ண முழிச்சுப் பாக்கன், எழுத்த காணல்ல. அவங்க பொருந்திக்கிட்டாங்க தம்பி. இவ்வளவு வருஷம் போனாலும் எங்கட கடிதத்தப் பாத்திரிக்காங்க. பெரிய மனிசர்தான்."

கணினிக்குப் பக்கத்தில், மருந்துப் பெட்டிக்குப் பின்னால், வெள்ளை டேப் ஒட்டிய என் பென்டிரைவ் கிடந்தது. கதவடியில் மருமகள் நின்றாள். முதல்நாள் கடைக்கு வந்து லாச்சியைத் திறந்தது அவள்தான். எழுத்து கஃபாவை மறைக்கிறதே, உம்மா தெளிவாகப் பார்க்கட்டுமே என்று செய்திருக்கிறாள். உம்மா அதை இப்படி எடுத்துக்கொள்வார் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை. ஒன்றும் சொல்லிவிடாதீர்கள் என்று அவள் கண் கெஞ்சியது. நான் பென்டிரைவை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டேன்.

"அப்ப இனிப் போகலாம்தானே?" என்றார் ராத்தா.

எழும்பி உட்காரவே இரண்டு பேர் வேண்டும். பாஸ்போட் காலாவதியாகிக் கிடக்கிறது. "ஓம் ராத்தா, போகலாம்" என்றேன்.

"அவங்களுக்கு நன்றி சொல்லி ஒரு கடிதம் எழுதிடு. மறந்துடாத."

எழுதினாயா என்று பிறகு ஒவ்வொரு நாளும் கேட்டார். எழுதினேன் என்று ஒவ்வொரு நாளும் சொன்னேன்.

இப்போது ஆஸ்பத்திரிக்குப் போகும் நாட்களில், வேனில் ஏற்றுவதற்கு முன் ராத்தா எங்கள் எல்லாரிடமும் பொருத்தம் கேட்கிறார். எந்தத் தடவை திரும்பி வராமல் போவோம் என்று தெரியாதாம். நேற்றும் என் கையைப் பிடித்தார். "தம்பி, நான் உன்ன ஏதும் பேசியிருந்தாப் பொருந்திக்கொள்" என்றார். "பொருந்திக்கிட்டன் ராத்தா" என்றேன். நீங்களும் என்னைப் பொருந்திக்கொள்ளுங்கள் என்று அதற்குப் பிறகு நான் கேட்க வேண்டும், அதுதான் முறை. அவர் கையை விடாமல் காத்துக்கொண்டிருந்தார். நான் கையை எடுத்து, அவரை வேனில் ஏற்றிக் கதவைச் சாத்தினேன்.